எனக்கு வேணும்: ஸ்பானியமும் தமிழும் சந்தித்த இடத்தில் நேர்ந்த ஒரு பிழை

கோவை மாநகரின் வடபுறத்தே, சத்தியமங்கலம் சாலையில் அமைந்த கணபதி, இலக்கியத்திற்குப் பேர்போன ஊரன்று. பவுண்டரிகளும், லேத்துப் பட்டறைகளும், பம்புசெட்டு உதிரிப்பாகங்கள் செய்யும் சிறு தொழிற்கூடங்களுமே இதன் அடையாளம். இவ்வூரில் ஒரு வீட்டு மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் மாலையில் நாங்கள் நால்வர் கூடி ஸ்பானிய மொழி கற்று வருகிறோம். இருவர் கல்லூரித் தமிழாசிரியர்கள். ஒருவர் வங்கிப் பணியிலிருந்து ஓய்வு பெற்றவர். மற்றவர் லேத்துப் பட்டறை நடத்துபவர். நால்வரும் நாற்பதைக் கடந்தவர்கள். இணையவழியில் பாடம் சொல்லும் ஆசிரியைக்கு எங்கள் பிள்ளைகளின் வயதிருக்கும்.

இந்த வயதில் ஏன் ஸ்பானியம் என்று கேட்பவர்கள் உண்டு. இலத்தீன் அமெரிக்கப் புனைகதைகளைத் தமிழில் படித்து, வகுப்பறையில் அவற்றைப் பற்றி ஆண்டுக்கணக்காகப் பேசி வந்தவர்கள் நாங்கள். ஒருநாள் பின்வரிசை மாணவர் ஒருவர் எழுந்து, "ஏனுங்கய்யா, இந்தப் பேரை அவங்க மொழியில எப்படிங்க சொல்லுவாங்க?" என்று கேட்டார். எங்களிடம் விடையில்லை. அந்த வெட்கத்திலிருந்து தொடங்கியது இந்தப் படிப்பு.

தொடங்கிய சில வாரங்களில் நேர்ந்த ஒரு பிழைதான் இக்கட்டுரைக்குக் காரணம். "நாளை மழை வருமா?" என்று ஆசிரியை ஸ்பானியத்தில் கேட்டார். 'வரும் என்று நினைக்கிறேன்' என்பதற்கு 'கிரேயோ கே சீ' என்று விடை சொல்லியிருக்க வேண்டும். பட்டறை நண்பரோ 'கியேரோ கே சீ' என்றார். 'கிரேயோ' என்றால் நம்புகிறேன், கருதுகிறேன். 'கியேரோ' என்றால் எனக்கு வேண்டும். மழை வரும் என்று அவர் நம்பவில்லை. அவருக்கு மழை வேண்டும்! அது சித்திரை மாதம். ஆசிரியையும் சிரித்தார், நாங்களும் சிரித்தோம். ஆனால் எங்களுள் தமிழ் அச்சு வரலாறு படித்தவர்க்குச் சிரிப்பு பாதியில் நின்றது. ஏறத்தாழ 480 ஆண்டுகளுக்கு முன்பு தமிழ்நாட்டுக் கடற்கரையில் நேர்ந்த ஒரு பிழை அவருக்கு நினைவு வந்தது.

முத்துக்குளித்துறையில் ஒரு தொடக்க மாணவர்

பிரான்சிஸ் சேவியர் 1506-இல் நவார் நாட்டிலுள்ள ஹவியேர் கோட்டையில் பிறந்தவர். அவருக்கு ஆறு வயதாகும்போது அந்நாடு காஸ்தில்ய அரசின் படையெடுப்புக்கு ஆளாகி, இன்றைய ஸ்பெயினின் பகுதியாயிற்று. அவருடைய தாய்மொழி பாஸ்க். எழுதியும் பேசியும் புழங்கியவை ஸ்பானியமும் போர்ச்சுக்கீசியமும். 1542 மே மாதம் கோவா வந்து சேர்ந்த அவர், அவ்வாண்டின் பிற்பகுதியில் முத்துக்குளித்துறைக்குப் புறப்பட்டார். அக்கரையின் பரதவர்கள் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே கிறித்தவம் தழுவியிருந்தனர். ஆனால் அவர்களுக்கு அம்மதத்தின் மந்திரங்களைத் தமிழில் சொல்லிக்கொடுப்பார் இல்லை.

1544 சனவரியில் கொச்சியிலிருந்து எழுதிய நீண்ட கடிதத்தில் சேவியர் தம் நிலையை விவரிக்கிறார். அவர்களுக்குத் தம் மொழி தெரியாது, தமக்கு அவர்கள் மொழி தெரியாது. அவர்களுடைய இயல்பான மொழி மலபார், தம்முடையது பாஸ்க் என்கிறார். அக்கால ஐரோப்பியர் தமிழையும் 'மலபார்' என்றே குறித்தனர். இரு மொழியும் அறிந்தவர்களைத் தேடிக் கூட்டி, பல நாள் பெரும்பாடுபட்டு மந்திரங்களைத் தமிழாக்கி, அவற்றை மனப்பாடம் செய்துகொண்டார். பின்பு கையில் மணியோடு தெருத்தெருவாக நடந்து, சிறுவர்களைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். பொருள் முழுதும் விளங்காத சொற்களை, அவற்றைப் பிறவியிலேயே அறிந்த குழந்தைகளுக்குக் கற்பிக்கும் விசித்திரமான ஆசிரியர் அவர். மொழிபெயர்ப்பாளர் உடனில்லாத ஒரு சமயத்தில், மக்கள் பேசுவது தமக்கு விளங்காமலும் தாம் பேசுவது அவர்களுக்கு விளங்காமலும் இருப்பதை நொந்துகொண்டும் எழுதியுள்ளார்.

அக்கரையில் உடன் உழைத்த பிரான்சிஸ்கோ மன்சில்யாஸ் என்பவருக்கு அவர் எழுதிய கடிதங்கள் பல எஞ்சியுள்ளன. பெரும்பாலும் அன்றாட அலுவல் பற்றியவை. அவற்றுள் ஒன்றில் ஒரு திருத்தம் வருகிறது. விசுவாச மந்திரத்தில் 'எனக்கு வேணும்' என்று சொல்லி வருகிறோம். 'வேணும்' என்றால் 'விரும்புகிறேன்' என்று பொருளாம். இனி அதை விடுத்து 'விசுவாசம்' என்னும் சொல்லை இட்டுச் சொல்லிக்கொடுங்கள் என்கிறார் சேவியர். ஊர் ஊராக, மணியடித்துக் கூட்டிய குழந்தைகள், 'கடவுளை நம்புகிறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'கடவுள் எனக்கு வேணும்' என்று சொல்லி வந்திருக்கிறார்கள்.

அதே இடத்தில் இன்னொரு திருத்தமும் உண்டு. கிறித்து பாடுபட்டதைச் சொல்லும் பகுதியில், 'வன்பினாலே' என்று நாம் படிக்கத்தக்க ஒரு சொல் உரோமன் எழுத்தில் காணப்படுகிறது. அதுவும் வேண்டாம் என்கிறார். அது 'கட்டாயத்தால்' என்று பொருள்படும். அவரோ தம் விருப்பத்தால் பாடுபட்டார் என்பது காரணம். தமிழ் தெரியாமல் வந்திறங்கிய ஒருவர் மூன்று ஆண்டுகளுக்குள் 'வன்பு' என்னும் சொல்லின் நுட்பத்தைக் கேட்டறிந்து திருத்துமளவுக்கு வந்துவிட்டார்.

பிழை எங்கே பிறந்தது?

எங்கள் மொட்டை மாடியில் பல ஞாயிறுகள் இது பற்றியே பேச்சு. சேவியருக்கு உதவியவர்கள் போர்ச்சுக்கீசியம் அறிந்த தமிழர்கள். அம்மொழியில் 'நம்புகிறேன்' என்பது 'கிரெயு', 'வேண்டும்' என்பது 'கெரு' என்பதுபோல ஒலிக்கும். ஸ்பானியத்தில் இவையே கிரேயோ, கியேரோ. பட்டறை நண்பரின் நாக்கு வழுக்கிய அதே இடத்தில் அன்று ஒருவரின் காது வழுக்கியிருக்கலாம். இது எங்கள் ஊகமே. ஆயினும், அம்மொழியைத் தப்பும் தவறுமாகப் பேசிப் பார்க்கும் முன் இந்த ஊகம் எங்களுக்குத் தோன்றியதே இல்லை.

மற்றொரு வழியும் உண்டு. அது தமிழுக்குள்ளேயே கிடக்கிறது. 'வேண்டு' என்னும் வினை நம்மிடம் விரும்புதலை மட்டுமா குறிக்கிறது? மருதமலை முருகனுக்கு வேண்டிக்கொள்கிறோம். பிள்ளை பிறந்தால் வேண்டுதலை நிறைவேற்றுகிறோம். வேண்டுதல் என்றாலே தெய்வத்தின் முன் நிற்றல்தான். அப்படியானால் கடவுளைப் பற்றிய முதல் வாக்கியத்தில் 'எனக்கு வேணும்' என்று பெயர்த்த அந்தத் தமிழர் தம் மொழியின் பக்தி மரபுக்குள் நின்றே பெயர்த்தார் என்றும் கொள்ளலாம். கொள்கையாக ஒன்றை நம்புவதாக அறிக்கையிடும் வழக்கம் ஐரோப்பியச் சமயத்துக்கு உரியது. தெய்வத்தை வேண்டுவது நம்முடையது. இலக்கணப்படி அது பிழை. பண்பாட்டுப்படி முற்றிலும் பிழை என்று சொல்ல மனம் வரவில்லை.

அச்சொல்லின் பிற்கால வரலாறும் குறிப்பிடத்தக்கது. 'வேணும்' போய் 'விசுவசிக்கிறேன்' வந்தது. தமிழகக் கத்தோலிக்க வழிபாட்டில் அது நெடுங்காலம் நிலைத்து, 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதிக்குப் பின் 'நம்புகிறேன்' என்னும் தமிழ்ச் சொல் அவ்விடத்துக்கு வந்தது. ஒரு வினைச்சொல் தன் இடத்தைக் கண்டடைய நானூறு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

வார்த்த எழுத்துகள்

சேவியர் கிழக்கு நோக்கிப் பயணப்பட்டபின், அவர் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தவர் அன்றிக்கே அன்றிக்கஸ் என்னும் போர்ச்சுக்கீசியர். 1547 முதல் 1600-இல் இறக்கும்வரை இக்கரையிலேயே வாழ்ந்து, தமிழ் இலக்கணம் ஒன்றையும் எழுதினார். ஓலைச்சுவடிகளில் அந்நாளில் புள்ளி பெரும்பாலும் இடப்படுவதில்லை. குறிலும் நெடிலும் மயங்கும். தமிழரே இடம் நோக்கிப் படித்த எழுத்தை அயலார் ஒருவர் படிக்கக் கற்றது எளிய செயலன்று. இதற்கிடையே 1554-இல் லிஸ்பனில், உரோமன் எழுத்தில் தமிழையும் அதனுடன் போர்ச்சுக்கீசியப் பொருளையும் தந்து ஒரு சிறுநூல் அச்சாயிற்று. அதனை ஆக்கியவர்கள் விசேந்தே தெ நசரே, ஜோர்ஜெ கர்வாலியு, தோமே தா குரூஸ் எனப் போர்ச்சுக்கீசியப் பெயர் சூட்டப்பெற்ற மூன்று இந்தியர்கள். அவர்களின் இயற்பெயர்கள் நமக்குக் கிட்டவில்லை.

பின்பு, அன்றிக்கஸ் பெயர்த்த 'தம்பிரான் வணக்கம்' 1578 அக்டோபரில் கொல்லத்தில் தமிழெழுத்திலேயே அச்சானது. இந்திய மொழி எழுத்தில் அச்சாகி நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய நூல் அது; பதினாறே பக்கம். கணபதிக்காரர்களாகிய எங்களை நிறுத்திவைத்த செய்தி, அந்த எழுத்துகளின் பிறப்பு. 1577-இல் கோவாவில் முதன்முதலாகத் தமிழெழுத்துகளை உலோகத்தில் வார்த்தவர் ஹுவான் கொன்சால்வெஸ். அவர் ஸ்பெயினில் பிறந்தவர். இயேசு சபைத் தொண்டர். உலோக வேலையில் தேர்ந்தவர். அவர் வார்த்தவை போதாமல், மறு ஆண்டு கொல்லத்தில் ஜுவாவ் தெ பாரியா புதிதாக வார்த்தார். 'தம்பிரான் வணக்க'த்தின் இறுதிப் பக்கத்தில் கோவா எழுத்தும் கொல்லத்து எழுத்தும் ஆண்டுகளோடு இடம்பெற்றுள்ளன.

இதைப் படித்துக் காட்டியபோது பட்டறை நண்பர் சொன்னது: "வார்ப்புல மொத ஊத்துக்குச் சரியா வராதுங்க. ரெண்டாவது ஊத்துலதான் வடிவம் நிக்கும்." அச்சியல் நூல்களில் இவ்வளவு தெளிவான விளக்கத்தை நாங்கள் கண்டதில்லை. முதல் ஊற்று வீணன்று. அது இல்லாமல் இரண்டாவது இல்லை. 'எனக்கு வேணும்' என்பதும் ஒரு முதல் ஊற்றுதான்.

தமிழ்க் காதுக்குக் கேட்பவை

இனி, எங்கள் படிப்பைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். ஸ்பானியம் கடினம் என்று அஞ்சியே தொடங்கினோம். ஆங்கிலத்தின் வழியே அணுகியவரை கடினமாகத்தான் இருந்தது. தமிழின் வழியே அணுகியதும் பல கதவுகள் திறந்தன.

'எனக்குக் காப்பி பிடிக்கும்' என்பதற்கு ஸ்பானியத்தில் 'மே குஸ்தா எல் கஃபே' என்பர். ஆங்கில இலக்கணம் பயின்றவர்க்கு இது தலைகீழ். தமிழர்க்கோ நான்காம் வேற்றுமை. வினைமுற்றிலேயே தன்மை, முன்னிலை, படர்க்கை தெரிந்துவிடுவதால் எழுவாயைச் சொல்லாமலே விடலாம். நாம் 'வந்தேன்' என்று மட்டும் சொல்வதுபோல. ஆங்கிலவழி மாணவர்களை மாதக்கணக்கில் வாட்டும் 'சேர்', 'எஸ்தார்' என்னும் இரு வினைகளின் வேறுபாடும் நமக்குப் பாதி தெரிந்ததே. 'நான் ஆசிரியர்' என்பதில் நாம் வினையே இடுவதில்லை. 'வீட்டில் இருக்கிறேன்', 'களைப்பாக இருக்கிறேன்' என்பவற்றில் 'இரு' வருகிறது. முன்னது பெரும்பாலும் சேர்; பின்னது பெரும்பாலும் எஸ்தார். 'பெரோ' என்றால் ஆனால். அதையே வல்லின றகரமாக உருட்டிப் 'பெறோ' என்றால் நாய். வகுப்பில் 'அரம், அறம்' என்று எழுதிக் காட்டிவிட்டு இரண்டையும் ஒரே மாதிரி ஒலித்துவந்த எங்களுக்கு, றகரத்தை மீண்டும் ஒலிக்கக் கற்றுத்தந்தது ஸ்பானியம்.

எல்லாவற்றினும் எங்களைக் கவர்ந்தது 'உஸ்தேத்' என்னும் முன்னிலை மரியாதைச் சொல். 'தங்கள் அருள்' என்று பொருள்படும் தொடர் தேய்ந்து இவ்வாறாயிற்று. பாடநூல்கள் இது மேலோருக்கும் புதியவருக்கும் உரியது என்கின்றன. ஆனால் கொலம்பியாவின் மலைப்பகுதிகளில் பெற்றோர் தம் குழந்தைகளையே 'உஸ்தேத்' என்று அழைக்கும் வழக்கம் உண்டு. ஆசிரியை இதனை வியப்புக்குரிய செய்தியாகச் சொன்னார். "வாங்க கண்ணு, சாப்டீங்களா?" என்று மூன்று வயதுப் பிள்ளையிடம் கேட்கும் கொங்கு நாட்டவர்க்கு அதில் என்ன வியப்பு?

சொற்களும் உறவு காட்டின. ஏறத்தாழ எட்டு நூற்றாண்டுக் காலம் ஐபீரிய மண்ணில் அரபு ஆட்சி இருந்ததால் ஸ்பானியத்தில் அரபுச் சொற்கள் மிகுதி. சர்க்கரைக்கு 'அசூகார்': வடமொழிச் 'சர்க்கரா' பாரசீகம், அரபு வழியாகச் சென்ற பயணத்தின் முடிவு. ஆரஞ்சுக்கு 'நராங்ஹா': நம் நாரத்தைக்கு உறவான திராவிடச் சொல்லே அதன் வேர் என்பது மொழிநூலார் பலரின் கருத்து. எதிர்த்திசையில் நமக்கு வந்தவையும் உள. கோவையின் பஞ்சாலைகளை வளர்த்த கம்போடியாப் பருத்தி, பெயரால் கம்போடியாவைச் சேர்ந்ததாயினும், இனத்தால் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டது.

பாலமும் வீடும்

ஒன்றை நேர்மையாக ஒப்புக்கொள்ள வேண்டும். ஸ்பானிய இலக்கியம் தமிழுக்கு வந்தது பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகவே. ஹுவான் ருல்ஃபோவின் 'பெத்ரோ பராமோ'வைத் தமிழில் தந்தது கோவையின் விடியல் பதிப்பகம். மார்க்கேஸின் 'தனிமையின் நூறு ஆண்டுகள்' நூலைத் தமிழாக்கிய இருவருள் ஒருவர் கோவையில் பிறந்த கவிஞர் சுகுமாரன். இவர்களுக்கு நாங்கள் பட்ட கடன் பெரிது. ஆயினும் ஆங்கிலப் பாலத்தில் ஏறிவந்ததால் பெயர்கள்கூடச் சற்றே உருமாறின. ஸ்பானியத்தின் தகரம் நம் பல்லொலித் தகரமே. 'பெத்ரோ', 'நெரூதா' என்று இயல்பாக எழுதக்கூடியவற்றை ஆங்கில ஒலிப்பைப் பின்பற்றிப் 'பெட்ரோ', 'நெரூடா' என்று எழுதப் பழகினோம்.

இது நம் குறை மட்டுமன்று. 1915 முதல் செனோபியா காம்ப்ரூபியும் அவர் கணவர் ஹுவான் ரமோன் ஹிமேனெஸும் தாகூரை ஸ்பானியத்தில் தந்ததும் ஆங்கிலத்திலிருந்தே. சேவியருக்கும் போர்ச்சுக்கீசியம் என்னும் பாலம் தேவைப்பட்டது. பாலம் இழிவன்று. ஆனால் அவர் பாலத்திலேயே நின்றுவிடவில்லை. 'வேணும் என்றால் என்ன?' என்று இறங்கிக் கேட்டார். வேறுபாடு அங்கேதான் இருக்கிறது.

கேளாமல் போனவர்களின் கதையும் ஒன்றுண்டு. பாப்லோ நெரூதா 1929-இல் சிலி நாட்டுத் தூதரக அலுவலராகக் கொழும்பில் வாழ்ந்தார். அவர் மறைந்தபின் 1974-இல் வெளிவந்த தன்வரலாற்றில், தம் வீட்டுக் கழிப்பறையைத் துப்புரவு செய்ய வந்த ஒடுக்கப்பட்ட சாதித் தமிழ்ப் பெண் ஒருவரைத் தாம் வன்முறையாகப் புணர்ந்ததை அவரே எழுதியிருக்கிறார். இருவருக்கும் பொதுமொழி இல்லை. அப்பெண்ணின் பெயரோ, அவர் பேசிய ஒரு சொல்லோ அந்நூலில் இல்லை. ஸ்பானியத்தில் 'கியேரோ' என்பதற்கு 'வேண்டும்' என்றும் பொருள்; 'நேசிக்கிறேன்' என்றும் பொருள். காதற் கவிதையால் உலகை வென்ற கவிஞர் அன்று அச்சொல்லின் முதற்பொருளை மட்டுமே அறிந்திருந்தார். 'வன்பினாலே' என்னும் சொல்லை ஒரு மந்திரத்திலிருந்து நீக்கியவரையும், அச்சொல்லுக்கு வாழ்வில் இடம் கொடுத்தவரையும் ஒரே மொழியின் வரலாற்றில் படிக்க நேர்கிறது. மொழி கற்பது நம்மை நல்லவராக்கிவிடும் என்று இதனால் சொல்லவில்லை. எதிரில் நிற்பவருக்கும் ஒரு சொல் இருக்கிறது என்பதை அது ஒவ்வொரு நாளும் நினைவூட்டும், அவ்வளவே.

எங்கள் நிலை இன்றும் தொடக்க மாணவர் நிலைதான். ருல்ஃபோவின் மெலிந்த நாவலில் ஒரு பக்கம் படிக்க அகராதியோடு ஒரு மாலை செலவாகிறது. பட்டறை நண்பர் இப்போது 'கிரேயோ', 'கியேரோ' இரண்டையும் மயக்கமின்றிச் சொல்கிறார். ஆனாலும் மேற்கே மேகம் திரளும் மாலைகளில், வேண்டுமென்றே பழைய பிழையைத்தான் சொல்வார். கேள்வி கேட்ட மாணவரும் படிப்பு முடித்து வேலைக்குப் போய்விட்டார். சென்ற மாதம் சத்தி சாலையில் ஒரு பேக்கரி வாசலில் எதிர்ப்பட்டபோது, அவர் கேட்ட பெயரை ஒலித்துக் காட்டினோம். "இத்தனை வருசம் கழிச்சுங்களா அய்யா?" என்று சிரித்தார். ஆமாம். முதல் ஊற்று இப்போதுதான் ஊற்றியிருக்கிறோம்.